கைப்பேசியும் நன்னடத்தைச் சான்றிதழும்

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். ஒருவர் நேரில் வந்து நிற்பதற்கு முன்னரே அவரைப் பற்றிய செய்தி வந்து நின்றுவிடுகிறது. அச்செய்தி நல்லதாயின் கதவு திறக்கும். அல்லாததாயின், கதவைத் தட்டும் வாய்ப்பே கிட்டாமற் போகும்.

நம் கொல்லிமலையில் ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்க நெடுநேரம் ஆவதில்லை. வாழவந்தி நாடாயினும், வளப்பூர் நாடாயினும், குண்டூர் நாடாயினும், "இன்னார் பேத்தி, இன்னார் மகள்" என்று சொன்ன மாத்திரத்தில் அவள் குடும்பத்துச் செய்தி முழுவதும் வந்துவிடும். சோளக்காட்டுச் சந்தையில் ஒருமுறை கேட்டாலே போதும். ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் காரவள்ளியைத் தாண்டிவிட்டால் நம்மை யார் அறிவார்? நாமக்கல்லிலும் சேலத்திலும் சென்னையிலும் வேலை தருகிறவருக்கு நம் பாட்டனாரைத் தெரியாது. நம் வீட்டுத் திண்ணையில் அவர் அமர்ந்ததில்லை.

இந்தக் குறையைப் போக்கவே, பள்ளியை விட்டுச் செல்லும் மாணவியின் மாற்றுச் சான்றிதழில் ஒழுக்கத்தையும் பண்பையும் குறிக்க ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தலைமையாசிரியைச் சகோதரி அதில் எழுதிக் கையொப்பமிடுகிறார். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளையானால் பங்குத்தந்தையிடமிருந்தும் ஒரு கடிதம் பெற்றுச் செல்வது வழக்கம். இவ்விரண்டும் நம்மை அறிந்த பெரியவர்கள் நம்மை அறியாதவர்களுக்கு எழுதும் சாட்சியங்கள். இக்காலத்தில் இவற்றோடு மூன்றாவது சான்றிதழ் ஒன்றும் சேர்ந்துவிட்டது. அதற்கு முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. அதை எழுதுகிறவர் நாமே. கைப்பேசியில் நாம் இடும் படங்களும், எழுதும் வரிகளும், பிறர் எழுதியதற்கு நாம் தெரிவிக்கும் ஆமோதிப்பும் நாள்தோறும் அச்சான்றிதழை நிரப்பிக்கொண்டே இருக்கின்றன.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்து மலையிறங்க இருக்கும் நாமும், நம்மைத் தொடர்ந்து வரவிருக்கும் தங்கையரும் இதைப் பற்றித் தெளிவாக அறிந்திருத்தல் நலம். பாடம் இரண்டு பகுதிகளை உடையது. நம் சான்றிதழை நாம் எப்படி எழுதுவது என்பது முதற்பகுதி. நமக்கு வேலை தருவதாகச் சொல்லும் அந்நியரிடம் நாம் என்ன சான்றிதழ் கேட்பது என்பது இரண்டாம் பகுதி. முதலாவதைப் பற்றிப் பலரும் அறிவுரை கூறுகின்றனர். இரண்டாவதைக் கேட்கும் துணிவைத்தான் நம்மில் பலர் இன்னும் பெறவில்லை.

வேலை தேடும் வழி மாறிய வரலாறு

முன்பெல்லாம் வேலை வேண்டுமானால் மாவட்டத் தலைநகர் சென்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அஞ்சல்காரர் கொண்டுவரும் நேர்காணல் அட்டைக்காகக் காத்திருப்பார்கள். செய்தித்தாளில் வரும் விளம்பரத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு விண்ணப்பம் எழுதுவார்கள். 1997-ஆம் ஆண்டில் நவ்க்ரி என்னும் வேலைவாய்ப்பு இணையத்தளம் நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. 2003-இல் லிங்க்ட்இன், 2004-இல் முகநூல், 2009-இல் வாட்ஸ்அப், 2010-இல் இன்ஸ்டாகிராம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றுள் லிங்க்ட்இன் தொழில் தொடர்புக்கென்றே அமைந்தது. கல்வி, பயிற்சி, அனுபவம் ஆகியவற்றை அதில் எழுதி வைக்கலாம். மற்றவை நட்புக்கும் பொழுதுபோக்குக்கும் என வந்தவையாயினும், இப்போது சிறு கடைக்காரர் முதல் பெரிய மருத்துவமனை வரை ஆள் தேவை என்னும் அறிவிப்பை இவற்றில்தான் இடுகின்றனர்.

வயது வரம்பையும் மறத்தல் ஆகாது. முகநூலும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் 13 வயது நிறையாதவர்க்குக் கணக்கு அனுமதிப்பதில்லை; லிங்க்ட்இன்னுக்கு 16 வயது நிறைய வேண்டும். 2023-இல் நம் நாடு இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவே பெற்றோருக்குத் தெரியாமல், பொய் வயது கொடுத்துத் தொடங்கும் கணக்கு, முதல் வரியிலேயே பொய் எழுதிய சான்றிதழ் ஆகிவிடுகிறது.

ஓரியின் நாணம்

நற்பெயரைப் பற்றிப் பேசும்போது நம் மலையின் தலைவனை நினையாதிருக்க முடியுமா? கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியை வன்பரணர் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் அவர் காட்டும் காட்சி நாம் தமிழ்ப் பாடத்தில் அறிந்ததே. வேடன் போல் ஒருவன் காட்டில் நின்று விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. இவன் யாரோ என வியந்த பாணர் கூட்டம் ஓரியின் பெருமையைப் பாடுகிறது. தன் பெயரே பாடப்படக் கேட்ட அவன் நாணி நிற்கிறான்.

அங்கே செயல் முதலில் வந்தது. பெயர் பின்னர் வந்தது. புகழைக் கேட்டவனுக்கு நாணமும் வந்தது. இன்றைய சமூக ஊடகத்தில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிக் கிடக்கிறது. பெயரும் முகமும் முதலில் வந்து நிற்கின்றன. செயலைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வேலை தரும் ஒருவர் நம் பக்கத்தைத் திறந்தால் அவர் தேடுவது, இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், இவள் எதைச் செய்து முடித்திருக்கிறாள், பிறரிடம் எப்படிப் பேசுகிறாள் என்னும் மூன்றையே. இம்மூன்றுக்கும் விடை கிடைக்குமாறு நம் பக்கத்தை அமைத்துக்கொண்டால் தற்புகழ்ச்சிக்குத் தேவையே இராது.

நம் சான்றிதழை நாம் எழுதும் முறை

முதலில், பெயர். பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரே நம் பக்கத்திலும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். நடிகையின் பெயரையோ செல்லப் பெயரையோ சூட்டிய மின்னஞ்சல் முகவரி, தோழியரிடையே சிரிப்பை வரவழைக்கலாம். விண்ணப்பத்தின் தலைப்பில் அது நன்றாயிராது.

அடுத்து, படம். முகம் தெளிவாகத் தெரியும் எளிய படம் ஒன்று போதும். பள்ளிச் சீருடையில் உள்ள படத்தைத் தவிர்ப்பது நல்லது. அது நாம் எந்தப் பள்ளியில் எந்நேரம் இருப்போம் என்பதை அந்நியர்க்கு அறிவித்துவிடும். படம் இட விருப்பமில்லாதவர்கள் இடாமலே விடலாம். சாமை வயலையோ, தம் கைவேலையையோ படமாக வைப்பதில் தவறேதும் இல்லை.

மூன்றாவது, நம்மைப் பற்றிய அறிமுகம். இதில்தான் நம்மிற் பலர் தயங்குகின்றனர். "எங்களிடம் எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்கின்றனர். மாதிரிக்கு ஒன்று தருகிறோம்:

"நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் பயின்றேன். தமிழ்த் தட்டச்சு இளநிலைத் தேர்வில் தேறியிருக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் வரவு செலவுக் கணக்கை எழுதினேன். தமிழில் பிழையின்றி எழுதுவேன். ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்வேன், பேசப் பழகி வருகிறேன். கணக்கு எழுதும் பணியில் சேர விரும்புகிறேன்."

இதில் ஏழு வரிகளே உள்ளன. மிகைப்படுத்திய சொல் ஒன்றேனும் உண்டா? "பேசப் பழகி வருகிறேன்" என்னும் வரியைக் கவனியுங்கள். ஆங்கிலம் சரளமாகப் பேசுவேன் என்று எழுதியிருந்தால் நேர்காணலின் முதல் இரண்டு நிமிடங்களிலேயே அது பொய்த்துப் போகும். அதன்பின் நாம் கூறும் உண்மைகளையும் எதிரே அமர்ந்திருப்பவர் ஐயத்தோடுதான் கேட்பார். உள்ளதை உள்ளவாறு எழுதியவளுக்கு அந்த அச்சம் இல்லை.

எழுத ஒன்றுமில்லை என்று எண்ணும் தங்கைக்கு இன்னும் ஒன்று சொல்வோம். வீட்டில் மிளகைத் தரம் பிரிக்கத் தெரியுமா? தேனைக் கெடாமல் வடிகட்டி வைக்கத் தெரியுமா? சாமையையும் தினையையும் குத்திப் புடைத்து அரிசியாக்கத் தெரியுமா? நம் மலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் இறங்கியபோது, பாரம்பரிய விதைகளைப் பற்றிய அறிவை நம் அன்னையரிடமும் பாட்டியரிடமும்தான் கேட்டுப் பெற்றது. மகளிர் குழுக்கள் தானியத்தைத் தோல் நீக்கிப் பொட்டலமிட்டு மலைக்குக் கீழே விற்கவும் கற்றன. வேளாண்மைப் படிப்புக்கோ உணவுப்பொருள் தொழிலுக்கோ செல்ல விரும்பும் ஒரு பெண்ணுக்கு இந்த அறிவு நல்ல தகுதி. அதை எழுத நாம் ஏன் கூச வேண்டும்?

செயலே பெயரைக் கொண்டுவரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஓர் உழவர் குடும்பத்தினர், பாட்டனார் பெரியதம்பியை முன்னிறுத்தி, வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதைப் படமெடுத்து 2018-இல் யூடியூபில் வெளியிடத் தொடங்கினர். வில்லேஜ் குக்கிங் சேனல் என்பது அதன் பெயர். அவர்கள் பட்டணத்துப் பேச்சுப் பேசவில்லை. வேடம் ஏதும் புனையவில்லை. அம்மியில் அரைத்தனர், பெரிய அண்டாவில் சமைத்தனர், சமைத்ததை ஊராருக்குப் பரிமாறினர். 2021-இல் அச்சேனலின் பார்வையாளர் பதிவு ஒரு கோடியைத் தாண்டியது; தமிழில் அவ்வெல்லையை முதலில் எட்டியது அதுவே. அவ்வாண்டே கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாயும் வழங்கினர். எல்லோருக்கும் ஒரு கோடிப் பேர் கிடைக்கப் போவதில்லை. நமக்கு அது தேவையும் இல்லை. நம் வேலையை மதிக்கும் முதலாளி ஒருவர் கிடைத்தாலே போதுமானது.

எழுதும் முன் எண்ணுதல்

சிந்திய பால் கலம் ஏறாது. அனுப்பிய செய்தியை அழித்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அதற்குள் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டவர் இருப்பார். "எங்கள் குழுவில் பத்துப் பேர்தானே!" என்னும் நம்பிக்கையும் பொய்க்கக் கூடியது. 2017-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர அனுமதி பெற்றிருந்த மாணவர்கள் சிலர், முகநூலில் தமக்குள் தனிக்குழு ஒன்று அமைத்து, பிற இனத்தாரையும் துன்புற்ற குழந்தைகளையும் பழிக்கும் கேலிப் படங்களைப் பகிர்ந்துகொண்டனர். செய்தி பல்கலைக்கழகத்துக்கு எட்டியது. குறைந்தது பத்துப் பேரின் அனுமதி ரத்தாயிற்று. அத்தனை அரிய தேர்வில் வென்றவர்கள், விளையாட்டாக எழுதிய வரிகளால் வாசலிலேயே திரும்ப நேர்ந்தது.

ஆகவே அனுப்பும் முன் நான்கு கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொள்வோம். இது உண்மையா? இது யாரையேனும் புண்படுத்துமா? பிறர் நம்பிக் கூறிய மறைவான செய்தி இதில் உள்ளதா? நாளை நம் தாயும், தலைமையாசிரியைச் சகோதரியும், வேலை தருபவரும் ஒன்றாக அமர்ந்து இதைப் படித்தால் நாம் தலைகுனிய வேண்டியிருக்குமா? இந்நான்கையும் தாண்டிய செய்தியைத் தாராளமாக அனுப்பலாம். சாதியையும் மதத்தையும் இழிவுபடுத்தி வரும் செய்திகளை மேலும் நால்வருக்கு அனுப்பிவிட்டு, "நான் எழுதவில்லை, வந்ததைத்தான் அனுப்பினேன்" என்று கூறுவது சாக்காகாது.

வேலையில் சேர்ந்த பின்னும் இவ்வொழுங்கு தொடர வேண்டும். செவிலியாகப் பணியாற்றுபவள் நோயாளியின் படத்தைப் பகிர்தலும், கணக்கராக இருப்பவள் நிறுவனத்தின் ஏட்டைப் படமெடுத்து இடுதலும் தொழில் துரோகமாகும். ஆனால் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நற்பெயரைக் காப்பது என்றால் அநீதியை விழுங்கிக்கொண்டு வாய்மூடி இருப்பது என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். கூலி மறுக்கப்பட்டாலும், வேலையிடத்தில் ஒருவர் முறைதவறி நடந்தாலும், அதை உரிய அதிகாரியிடம் எழுத்தில் முறையிடுவது நற்பெயருக்குரிய செயலே.

மறுபக்கத்தின் சான்றிதழ்

இனி இரண்டாம் பகுதிக்கு வருவோம். நம்மைப் பற்றி விசாரிக்க வேலை தருபவருக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அவரைப் பற்றி விசாரிக்க நமக்கும் அவ்வளவு உரிமை உண்டு. திருக்குறளின் 51-ஆம் அதிகாரத்துக்குத் தெரிந்துதெளிதல் என்று பெயர். ஆராய்ந்த பின் நம்புவது என்பதே அதன் கருத்து.

முன்னர்த் தரகர்கள் துண்டுத்தாளோடு கிராமங்களுக்கு வந்தனர். மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் மூன்றாண்டு வேலை செய்தால் முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவார்கள், திருமணத்துக்கு உதவும் என்று ஏழைப் பெற்றோரிடம் பேசினர். சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயரும் இட்டிருந்தனர். நீண்ட நேர வேலை, குறைந்த கூலி, விடுதியை விட்டு வெளியே செல்லத் தடை, மூன்றாண்டு முடியும் முன் நோயுற்றுத் திரும்பினால் மொத்தப் பணமும் இல்லை என்று பல சிறுமியர் பட்ட துன்பம் பின்னரே வெளிவந்தது. அந்தத் தரகரைக் குறைந்தது ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். அவர் வந்த வண்டியையும் பார்த்தார்கள். இன்றைய தரகர் கைப்பேசிக்குள் இருந்துகொண்டு பேசுகிறார். அவர் முகமும் தெரிவதில்லை, ஊரும் தெரிவதில்லை.

2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் கணினி சார்ந்த வேலை, நல்ல சம்பளம் என்று சமூக ஊடக விளம்பரங்கள் மூலமும் முகவர்கள் மூலமும் இளைஞர்களை ஈர்த்து, எல்லை கடத்தி மியான்மருக்குக் கொண்டு சென்று அடைத்து வைத்து வேலை வாங்குகின்றனர் என்று அது தெரிவித்தது. அங்கே அவர்களைச் செய்யச் சொன்ன வேலை, இணையத்தின் வழியே பிறரை ஏமாற்றுவதாகும். அவ்வாண்டு அக்டோபரில் மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தனர். 2025 மார்ச் 10, 11 தேதிகளில் இந்திய விமானப்படை விமானங்கள் 549 இந்தியர்களைத் தாய்லாந்து எல்லையிலிருந்து தாயகம் கொண்டுவந்தன. இவ்வாறு சிக்கியவர்களுள் கணினி கற்ற இளைஞர்களும் இருந்தனர். படிப்பு இருந்தும், விசாரிக்கும் பழக்கம் இல்லாவிடில் ஆபத்து உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உள்நாட்டிலும் வேறொரு வலை விரிக்கப்படுகிறது. "வீட்டிலிருந்தே வேலை, படங்களுக்கு விருப்பக் குறி இட்டால் போதும்" என்று செய்தி வரும். முதல் நாள் நூறோ நூற்றைம்பதோ ரூபாய் உண்மையாகவே வந்து சேரும். அந்த நம்பிக்கையில், பெரிய வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பின் அவர்களைக் காண முடியாது. இத்தகைய பகுதிநேர வேலை மோசடிகளிலும் முதலீட்டு மோசடிகளிலும் ஈடுபட்ட 100-க்கு மேற்பட்ட வலைத்தளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. இன்னொரு கூட்டத்தார், "உங்கள் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடுங்கள், பணம் வந்து போகும், உங்களுக்கும் பங்கு உண்டு" என்பர். திருட்டுப் பணம் வந்து போகும் வழியாக நம் கணக்கு ஆகிவிட்டால், காவல்துறை முதலில் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

ஆகவே, வேலை தருவதாகக் கூறும் அந்நியரிடம் நாம் பார்க்க வேண்டியவை வருமாறு:

1. நிறுவனத்தின் பெயரும் முழு முகவரியும் உண்டா? அதன் சொந்த வலைத்தளத்தில் அதே வேலை அறிவிக்கப்பட்டுள்ளதா? செய்தியில் வந்த எண்ணை விடுத்து, நாமே தேடிக் கண்டுபிடித்த எண்ணில் பேசிக் கேட்க வேண்டும்.

2. பயிற்சிக் கட்டணம், சீருடைப் பணம், முன்வைப்பு என்று எந்தப் பெயரிலேனும் தனியாள் ஒருவரின் கணக்குக்குப் பணம் கேட்கிறார்களா? கேட்டால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். அரசுத் தேர்வுக் கட்டணத்தைத் தேர்வாணையத்தின் தளத்தில் மட்டுமே செலுத்த வேண்டும்.

3. வேலையின் தன்மை, நேரம், மாதச் சம்பளம், தங்குமிடம் ஆகியவற்றை எழுத்தில் தருகிறார்களா?

4. மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? சரிபார்த்தபின் திருப்பித் தருவதே முறை. மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் நம் மலைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு அருமையானவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றைப் படமெடுத்து அறியாதவர்க்கு அனுப்புதலும் கூடாது. ஆதார் கட்டாயம் எனில், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பதிவிறக்கித் தரலாம்.

5. வெளிநாட்டு வேலையாயின், முகவர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் சென்று வேலையில் சேரலாம் என்பவரை நம்பவே கூடாது.

6. நேர்காணலுக்குத் தனியே செல்லாமல் தந்தையையோ அண்ணனையோ அக்காவையோ உடன் அழைத்துச் செல்ல வேண்டும். உடன் ஆள் வரக்கூடாது என்று கூறுமிடம் நமக்கு உகந்த இடமன்று.

நம்பத்தக்க வாசல்களும் நமக்கு உண்டு. நாமக்கல்லில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் பதிவதற்கு இணைய வழியும் இருக்கிறது. பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். போட்டித் தேர்வு எழுதுவோர்க்கு அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டம் உதவுகிறது. தனியார் வேலைக்குத் தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம் என்னும் அரசுத் தளம் உள்ளது. அதில் கட்டணம் இல்லை. மத்திய அரசின் தேசியத் தொழில் வழிகாட்டிச் சேவைத் தளம் 2015 முதல் நடைபெறுகிறது. கல்லூரி செல்வோர், 2022-இல் தொடங்கப்பெற்ற நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளைக் கேட்டறியலாம். சமூக ஊடகத்தில் கண்ட செய்தியை இவ்வாசல்களுள் ஒன்றில் கொண்டுபோய்ச் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோரே! பெண் பிள்ளையின் கையில் கைப்பேசி இருந்தால் பெயர் கெட்டுவிடுமோ என்று நீங்கள் அஞ்சுவது எமக்குப் புரிகிறது. அந்த அச்சம் முழுவதும் ஆதாரமற்றது என்று யாமும் கூறவில்லை. ஒரு பெண்ணின் படத்தை எடுத்து, வேறு உடலோடு ஒட்டி, பரப்பிவிடுவேன் என மிரட்டும் கயவர்கள் இருக்கத்தான் செய்கின்றனர். ஆயினும் அச்செயலில் கெடுவது யாருடைய பெயர்? திருடு போன வீட்டாரை ஊர் திருடர் என்று சொல்வதில்லையே! ஆபாசப் படத்தை இணையத்தில் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.

இத்தகைய மிரட்டல் வந்தால் ஒரு பெண் முதலில் ஓடிவர வேண்டிய இடம் தாயின் மடியே. "உன்னால்தான் வந்தது" என்னும் வசையும், கைப்பேசியைப் பிடுங்கி உடைப்பதும், படிப்பை நிறுத்துவதும் அங்கே காத்திருந்தால் அவள் யாரிடம் போவாள்? மிரட்டுபவன் நம்பியிருப்பது அந்த மௌனத்தைத்தான். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, பள்ளியில் சகோதரியரிடமோ ஆசிரியையிடமோ கூறி, தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் முறையிடலாம். இணையத்தில் பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்புக் கூடும். சிறுவர் உதவிக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181. இம்மூன்று எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

மகளின் பக்கத்தை மகளோடு அமர்ந்து பாருங்கள். ஒளிந்திருந்து பார்க்க வேண்டாம். படிக்கத் தெரியாத தாயாயினும், "இது யார்? எப்படித் தெரியும்?" என்று கேட்கத் தெரியும் அன்றோ! அந்த இரண்டு கேள்விகளே பெரிய காவல்.

திருச்சபையின் குரல்

சமூகத் தொடர்புச் சாதனங்களைக் குறித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாளிலேயே தனி ஆணை ஒன்றை வெளியிட்டது. 1967 முதல் ஆண்டுதோறும் உலகச் சமூகத் தொடர்பு நாள் கொண்டாடப்பட்டு வருகிறது. 2011-ஆம் ஆண்டின் அந்நாளுக்கான செய்தியில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், இணையத்தில் தமக்கெனப் பொய்யான ஒரு தோற்றத்தைக் கட்டிக்கொள்ளும் மயக்கத்துக்கு இடம்கொடாமல், உள்ளபடியே இருக்குமாறு அறிவுறுத்தினார். நாம் மேலே கண்ட ஏழு வரி அறிமுகமும் அதையே கடைப்பிடிக்கிறது.

நம் வயதொத்த ஒருவரையும் நினைவுகூர்வோம். இத்தாலியின் கார்லோ அக்குத்திஸ் கணினியில் வல்லவர்; நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் கண்காட்சி அமைத்தார். 2006-இல், 15-ஆம் வயதில் நோயுற்று இறந்தார். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக உயர்த்தினார். அவர் இணையத்தில் வைத்துச் சென்றது தம் பணியை. அப்பணியைத் தேடிச் சென்றவர்கள்தாம் அவர் யார் என்று பின்னர்க் கேட்டறிந்தனர்.

பயிற்சி

தங்கையரே, படித்து முடித்துவிட்டு ஏட்டை மூடிவிட வேண்டாம். கோடை விடுமுறைக்குள் பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள். கைப்பேசி இல்லாதவரும், அலைவரிசை எட்டாத ஊரில் இருப்பவரும் தாளில் எழுதியே செய்யலாம்.

1. உங்களைப் பற்றி ஆறு வரிகள் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரமாக ஒரு சான்றிதழையோ, பார்த்த ஓர் ஆளையோ காட்ட முடிகிறதா என்று தோழி ஒருத்தியைக் கேட்கச் சொல்லுங்கள். ஆதாரம் இல்லாத வரியை அடித்துவிடுங்கள்.

2. வீட்டில் அனைவரும் செய்யும் வேலைகளுள் நீங்கள் நன்றாகச் செய்யும் ஒன்றைப் பற்றி, அதை அறியாத நகரத்தார்க்கு விளங்குமாறு பத்து வரிகள் எழுதுங்கள்.

3. அண்மையில் வாட்ஸ்அப்பில் வந்த வேலை அறிவிப்பு ஒன்றை எடுத்து, மேலே கூறிய ஆறு சோதனைகளையும் நடத்துங்கள். எத்தனையில் அது தேறுகிறது?

4. உங்கள் பெயரை இணையத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அந்நியர் ஒருவர் அதைக் கண்டால் உங்களைப் பற்றி என்ன நினைப்பார் என்று எழுதுங்கள்.

5. மலைக்குக் கீழே வேலைக்குச் சென்றிருக்கும் ஒரு அக்காவிடம், வேலை எப்படிக் கிடைத்தது, சொன்ன சம்பளம் வந்ததா, தங்குமிடம் எப்படி என்று கேட்டு எழுதுங்கள். அவர் கூறும் உண்மை, அடுத்து அவ்வழியே செல்லும் தங்கைக்கு எந்த விளம்பரத்தைக் காட்டிலும் பயன்படும்.